துருவ மேகங்களின் பனித்துகள்களும் ஓசோன் படலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகம் எப்படி ஓசோனை அழிக்கும்?

மேகம் ஓசோனை அழிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தத் தலைப்பில் எழும் குழப்பங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஓசோனை அழிப்பவை குளோரினும் புரோமினும். அந்தக் குளோரினில் பெரும்பகுதி, ஓசோனைத் தொடவே தொடாத சில சேர்மங்களுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. துருவக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 15 முதல் 25 கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் மேகங்களின் துகள்கள் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகின்றன. அவை செய்யும் முதன்மையான வேலை அதுதான். அது நடக்காமல் இருந்தால் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் துளை என்ற ஒன்றே தோன்றியிருக்காது.

ஓசோன் படலம் என்று தனியாக ஒரு போர்வை இருக்கிறதா?

இல்லை. ஓசோனில் சுமார் 90 சதவீதம் ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் படுகை மண்டலத்தில், காற்றோடு காற்றாகப் பரவியிருக்கிறது. தலைக்கு மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கும் பூஜ்யம் டிகிரி வெப்பநிலைக்கும் கொண்டுவந்து விரித்தால் உலக சராசரியாக 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அதைத்தான் 300 டாப்சன் அலகு என்கிறோம். சூரியனின் புற ஊதாக் கதிர்களில் உயிருக்கு மிகவும் ஊறு செய்யும் பகுதியைத் தடுத்து நிறுத்துவது இந்த 3 மில்லிமீட்டர்தான். 220 அலகுக்குக் கீழே போனால் அந்தப் பகுதியை ஓசோன் துளை என்று கணக்கிடுகிறார்கள். 1994 செப்டம்பர் 30 அன்று அண்டார்க்டிகாவின் மேல் 73 அலகு பதிவானது.

படுகை மண்டலம் மிகவும் வறண்டது என்கிறார்களே, அங்கே மேகம் எப்படி வரும்?

உண்மைதான். அங்கே பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் அளவில்தான் ஈரம் இருக்கிறது. பூமியின் மற்ற எந்தப் பகுதியிலும் அந்த உயரத்தில் மேகம் உருவாவது அரிது. ஆனால் அண்டார்க்டிகாவின் குளிர்காலத்தில் சூரியன் மாதக்கணக்கில் எழுவதில்லை. காற்று வெப்பத்தை இழந்துகொண்டே போகிறது. அத்துடன் துருவத்தைச் சுற்றி ஒரு பலத்த மேலைக்காற்று வளையமாக வீசத் தொடங்குகிறது. துருவச் சுழல் எனப்படும் இந்த வளையம், உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்றையும் வெளியே இருக்கும் வெதுவெதுப்பான காற்றையும் கலக்கவிடாமல் பிரித்துவைக்கிறது. வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்து உறையத் தொடங்கும். மைனஸ் 85 டிகிரியை ஒட்டி வந்தால் வெறும் நீரே பனியாகிவிடும். அங்கே மைனஸ் 90 வரையும் இறங்குவதுண்டு.

அப்படியானால் பனித்துகள்களில் பல வகை உண்டா?

மூன்று வகை. முதல் வகை, ஒரு நைட்ரிக் அமில மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள் என்ற விகிதத்தில் படிகமான திண்மத் துகள். இரண்டாவது, நீரும் நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த, கடுங்குளிரிலும் உறையாத நுண்திவலை. மூன்றாவது, நாம் அறிந்த சாதாரண நீர்ப்பனி. ‘பனி மேகம்’ என்ற பெயரால் எல்லாமே பனிக்கட்டி என்று நினைத்துவிடக் கூடாது. குளோரினை விடுவிப்பதில் திரவத் திவலைகளின் பங்கு மிகப் பெரியது. பல இடங்களில் அவையே முன்னிலை வகிக்கின்றன.

வானத்தில் முத்துச்சிப்பியின் உட்புறம்போலப் பல நிறங்களில் மின்னும் மேகங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மலைகளின் மேல் எழும் காற்றலைகளில் திடீரெனக் குளிர்ந்து உருவான நீர்ப்பனி மேகங்கள் அவை. துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் ஒளி வளைந்து நிறம் நிறமாகப் பிரிகிறது. அந்தி நேரத்தில், சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் அந்த உயரத்தில் வெளிச்சம் படுவதால் அவை தனித்துத் தெரிகின்றன. நைட்ரிக் அமில மேகங்கள் மெல்லிய மங்கல் படலமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

துகளின் மேற்பரப்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முன்பு குளிர்சாதனங்களில் பயன்பட்ட குளோரோ புளோரோ கார்பன்கள் (இனி சி.எஃப்.சி.) தரைமட்டத்தில் எதனோடும் வினைபுரியாதவை. மேலே போய்ப் புற ஊதாக் கதிரில் சிதையும்போது குளோரின் அணுக்களை விடுகின்றன. அந்த அணுக்கள் ஓசோனைத் தாக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வேறு சேர்மங்களில் மாட்டிக்கொள்கின்றன. மீத்தேனோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. குளோரின் மோனாக்சைடாக மாறி நைட்ரஜன் டை ஆக்சைடோடு சேர்ந்தால் குளோரின் நைட்ரேட். இந்த இரண்டும் ஓசோனை ஒன்றும் செய்யாது. சாதாரண நாட்களில் படுகை மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் விடுபட்ட குளோரினில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு கிடங்குகளில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பனித்துகளை நெருங்கிப் பார்ப்போம். காற்றில் திரியும் ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு பனியின் மேற்பரப்பில் வந்து ஒட்டுகிறது. அந்த மேற்பரப்பு நாம் நினைப்பதுபோல் இறுகிய கண்ணாடி அல்ல. வெளி விளிம்பில் உள்ள நீர் மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப்போல நான்கு பக்கமும் கட்டப்பட்டிருப்பதில்லை. அவை ஹைட்ரஜன் குளோரைடைச் சூழ்ந்துகொண்டு இரண்டாகப் பிரித்துவிடுகின்றன. குளோரைடு அயனி அந்தப் பரப்பிலேயே தங்குகிறது. பின்னால் குளோரின் நைட்ரேட் மூலக்கூறு ஒன்று அதே துகளில் வந்து மோதுகிறது. அதில் உள்ள குளோரின் நேர்மின் சாயல் கொண்டது. குளோரைடு எதிர்மின் அயனி. இரண்டும் இணைந்து குளோரின் மூலக்கூறாகி, வாயுவாகக் காற்றில் வெளியேறிவிடுகிறது. மிச்சமாகும் நைட்ரிக் அமிலம் பனியிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் அளந்தபோது, ஹைட்ரஜன் குளோரைடு படிந்த பனியின் மேல் குளோரின் நைட்ரேட் மோதும் மூன்று மோதல்களில் ஒன்று வினையாகிறது என்று தெரிந்தது. வேதியியலில் இது மிக வேகமான கணக்கு.

வேறு சில வினைகளும் உடன் நடக்கின்றன. குளோரின் நைட்ரேட் நேரடியாக நீரோடு சேர்ந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தருகிறது. அது இன்னொரு ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்ந்து மறுபடி குளோரின் வாயு தருகிறது. முடிவு ஒன்றுதான்: ஓசோனைத் தொடாத இரண்டு சேர்மங்கள் உள்ளே போய், வெளிச்சம் பட்டால் உடையும் குளோரின் வெளியே வருகிறது.

இதே வினை வெறும் காற்றில் நடக்காதா?

நடக்காது என்றே சொல்லிவிடலாம். வாயு நிலையில் அந்த இரண்டு மூலக்கூறுகளும் மோதிக்கொண்டாலும் பிணைப்புகள் அப்படியே இருக்க, விலகிப் போய்விடுகின்றன. பனிப் பரப்பு அவற்றை ஒரே இடத்தில் தங்கவைக்கிறது. அதைவிட முக்கியமாக, ஹைட்ரஜன் குளோரைடை அயனியாகப் பிரித்துத் தருகிறது. வினைக்குக் குறுக்கே நிற்கும் ஆற்றல் தடை அதனால் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 1980களின் நடுப்பகுதி வரை வளிமண்டலக் கணினி மாதிரிகளில் வாயு நிலை வினைகளே பெரிதும் இடம்பெற்றிருந்தன. ஓசோன் துளையை அவை முன்கூட்டிச் சொல்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

குளிர்காலத்திலேயே குளோரின் விடுபட்டுவிட்டதே, பிறகு ஏன் வசந்தத்தில்தான் ஓசோன் குறைகிறது?

சூரியன் இல்லை. விடுபட்ட குளோரின் மூலக்கூறு இருட்டில் அப்படியே காத்திருக்கும். தென் துருவத்தில் வசந்தம் நெருங்கும் ஆகஸ்ட் இறுதியில் சூரியன் அடிவானத்தில் தலைகாட்டியதும், அதன் பலவீனமான வெளிச்சமே அந்த மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைக்கப் போதும். அதன்பின் அழிவு தொடங்குகிறது. செப்டம்பரில் ஒரு நாளைக்கு 2 முதல் 3 சதவீதம் என்ற வேகத்தில் ஓசோன் குறைவதுண்டு. அக்டோபர் தொடக்கத்தில் சுமார் 14 முதல் 20 கிலோமீட்டர் வரையான அடுக்கில் ஏறத்தாழ எதுவுமே மிஞ்சாத ஆண்டுகள் பல.

அந்த அழிவு எப்படி நடக்கிறது? சாதாரண வினையூக்கச் சுழற்சி போதாதா?

போதாது. பாடப்புத்தகத்தில் வரும் சுழற்சியில் குளோரின் அணு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடாகிறது. அந்த மோனாக்சைடு ஒரு தனி ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால்தான் குளோரின் அணு மீளும். துருவ வசந்தத்தின் தாழ்ந்த வெயிலில் தனி ஆக்சிஜன் அணுக்கள் மிகக் குறைவு. இதற்கு விடை தந்தவர்கள் லூயிசா மொலினாவும் மரியோ மொலினாவும். 1987இல் அவர்கள் காட்டியது இது: குளோரின் மோனாக்சைடு ஏராளமாக இருக்கும்போது, இரண்டு மூலக்கூறுகள் தம்முள் இணைந்து இரட்டையாகின்றன. அந்த இரட்டையைச் சூரிய ஒளி உடைக்க, இரண்டு குளோரின் அணுக்களும் திரும்பக் கிடைக்கின்றன. இரண்டு ஓசோன் மூலக்கூறுகள் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளாகிவிட்டன, குளோரின் அப்படியே இருக்கிறது. இந்த இரட்டை குளிரில்தான் நிலைக்கும் என்பதால் துருவம் இதற்கு ஏற்ற இடம். அழிவின் பெரும்பங்கு இதனால். மிச்சத்தில் பெரும்பகுதி குளோரினும் புரோமினும் சேர்ந்து நடத்தும் இன்னொரு சுழற்சியால்.

மேகத் துகள்கள் கீழே விழுந்துவிடாதா?

விழும். அதனால் நிலைமை இன்னும் மோசமாகிறது. பலர் கவனிக்காத பகுதி இது; என் பார்வையில் இந்த வேதியியலில் மிகவும் கொடுமையான திருப்பமும் இதுதான்.

குளோரினை மறுபடி கட்டிப்போட வல்லது நைட்ரஜன் டை ஆக்சைடு என்று பார்த்தோம். ஆனால் நைட்ரஜன் சேர்மங்கள் குளிர்காலத்தில் நைட்ரிக் அமிலமாக மாறித் துகள்களுக்குள் போய்விட்டன. துகள்கள் சிறியவையாக இருக்கும்வரை மோசமில்லை. வெப்பநிலை உயர்ந்தால் அவை ஆவியாகி, நைட்ரிக் அமிலம் காற்றுக்குத் திரும்பும், சூரிய ஒளி அதிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடை மீட்டுத் தரும். ஆனால் நைட்ரிக் அமிலப் படிகங்களில் சில மட்டும் நாள்கணக்கில் வளர்ந்து 10, 20 மைக்ரோமீட்டர் விட்டத்தை எட்டிவிடுகின்றன. எண்ணிக்கையில் மிகக் குறைவாக, ஆனால் பரவலாக இருக்கும் இந்தப் பெரிய துகள்களை 2000ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஆர்க்டிக் மேலே பறந்த ஆய்வு விமானத்தில் கண்டறிந்தார்கள். அவை நைட்ரஜனைச் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்குகின்றன. ஓசோன் அடுக்கிலிருந்து நைட்ரஜன் நிரந்தரமாக வெளியேறிவிடுகிறது. வசந்தம் வந்து மேகம் கலைந்த பிறகும் குளோரினைப் பிடித்துக் கட்ட ஆள் இல்லை. அதனால்தான் மேகங்கள் மறைந்த பிறகும் அழிவு வாரக்கணக்கில் தொடர்கிறது.

இது வெறும் கோட்பாடா, நேரில் நிரூபிக்கப்பட்டதா?

நிரூபிக்கப்பட்டது. அந்த வரலாறு தெரிந்துகொள்ள வேண்டியது.

சி.எஃப்.சி.யால் ஓசோனுக்கு ஆபத்து என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அவர்கள் எதிர்பார்த்தது மெல்ல நிகழும் உலகளாவிய குறைவு. 1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் ஆகிய பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவன அறிவியலாளர்கள் வேறொன்றை அறிவித்தார்கள். ஹாலி நிலையத்தில் 1950களிலிருந்து இடைவிடாமல் எடுத்துவந்த அளவீடுகளில், அக்டோபர் மாத ஓசோன் சுமார் 300 அலகிலிருந்து 200 அலகை ஒட்டிச் சரிந்திருந்தது.

உடனே மூன்று விளக்கங்கள் மோதின. சூரியச் செயல்பாட்டால் பெருகிய நைட்ரஜன் ஆக்சைடுகள்தான் காரணம் என்றது ஒன்று. ஓசோன் குறைந்த காற்று கீழிருந்து மேலெழுந்து வருகிறது என்றது இன்னொன்று. துருவ மேகத் துகள்களின் மேல் குளோரின் விடுபடுகிறது என்று 1986இல் சூசன் சாலமனும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தது மூன்றாவது. அதே ஆண்டு சாலமன் தலைமையில் ஒரு குழு மெக்மர்டோ நிலையத்துக்குப் போனது. இரவில் நிலவொளியைக்கூடப் பயன்படுத்தி வானத்து வாயுக்களை அளந்தார்கள். குளோரின் விடுபட்டிருப்பதற்கு அடையாளமான குளோரின் டை ஆக்சைடு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு அதிகம், நைட்ரஜன் டை ஆக்சைடு மிகக் குறைவு. முதல் விளக்கம் அங்கேயே விழுந்தது.

மறு ஆண்டு சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து நாசாவின் ஈஆர்-2 ஆய்வு விமானம் பறந்தது. ஒரே ஒரு விமானி மட்டும் அமர்ந்து ஓட்டும் அந்த விமானம், சுமார் 18 கிலோமீட்டர் உயரத்தில் துருவச் சுழலின் விளிம்பைக் கடந்து உள்ளே போனது. இறக்கையின் கீழே ஜேம்ஸ் ஆண்டர்சனின் குழு அமைத்த கருவி குளோரின் மோனாக்சைடைப் பதிவுசெய்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் இறுதிப் பயணத்தில் விளிம்பைத் தாண்டியதும் குளோரின் மோனாக்சைடு செங்குத்தாக உயர்ந்தது. ஆனால் ஓசோன் இன்னும் பெரிதாகக் குறையவில்லை, வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. செப்டம்பர் 16 பயணத்தில் அதே இடத்தில் குளோரின் மோனாக்சைடு உயர உயர ஓசோன் சரிந்தது. ஒரு கோட்டின் ஒவ்வொரு மேடும் மற்றக் கோட்டில் பள்ளமாக விழுந்திருந்தது. அந்த வரைபடத்துக்குப் பிறகு வாதாட அதிகம் இருக்கவில்லை. சி.எஃப்.சி. போன்ற பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானதும் 1987 செப்டம்பர் 16 அன்றுதான்.

ஆர்க்டிக்கிலும் குளிர்தானே, அங்கே ஏன் துளை இல்லை?

அண்டார்க்டிகா கடல் சூழ்ந்த ஒரு கண்டம். அதைச் சுற்றும் காற்று வளையத்தைக் குலைக்கப் பெரிய தடை எதுவும் இல்லை. வட அரைக்கோளத்தில் இமயமலை, ராக்கி மலைத்தொடர், நிலமும் கடலும் மாறி மாறி வருவது எல்லாம் சேர்ந்து பெரிய காற்றலைகளை மேலே அனுப்புகின்றன. அவை ஆர்க்டிக் சுழலைக் குலைத்துச் சூடாக்கிவிடுகின்றன. மேகம் உருவாகும் அளவுக்குக் குளிர், தெற்கில் ஐந்தாறு மாதம் நீடிக்கிறது என்றால் வடக்கில் சராசரியாக ஒன்றிரண்டு மாதம்தான். ஆனால் சுழல் கலையாமல் நீடித்த 2011, 2020 வசந்தங்களில் ஆர்க்டிக் ஓசோனும் கடுமையாகக் குறைந்தது. இது எச்சரிக்கை என்றே நான் கருதுகிறேன்.

சி.எஃப்.சி.யைப் பெரும்பாலும் வடக்கு நாடுகள்தானே பயன்படுத்தின, துளை ஏன் தெற்கே?

இந்த வாயுக்களின் ஆயுள் மிக நீண்டது. சி.எஃப்.சி.-11க்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு, சி.எஃப்.சி.-12க்கு ஒரு நூற்றாண்டு. ஓரிரு ஆண்டுகளில் அவை உலகம் முழுவதும் சமமாகக் கலந்துவிடும். குளோரின் எங்கும் இருக்கிறது. குளிரும் மேகமும் நீண்டகாலம் கிடைப்பது தெற்கில்தான்.

எரிமலையும் கடலும் குளோரின் தருகின்றனவே?

தருகின்றன. ஆனால் கடல் உப்பும், எரிமலையின் ஹைட்ரஜன் குளோரைடில் பெரும்பகுதியும் நீரில் கரைபவை. மேலே போவதற்குள் மழையில் கழுவப்பட்டுவிடும். கரையாத சி.எஃப்.சி.தான் தடையின்றி மேலேறுகிறது. படுகை மண்டலத்தில் சி.எஃப்.சி. சிதைவதால் உருவாகும் ஹைட்ரஜன் புளோரைடும் கூடவே பெருகியதைச் செயற்கைக்கோள்கள் அளந்தன. அவ்வளவு புளோரினைக் கடலோ எரிமலையோ அங்கே கொண்டுசேர்க்க வழியில்லை.

பனித்துகள் இல்லாமல் வேறு துகள்களும் இந்த வேலையைச் செய்யுமா?

செய்யும், ஓரளவுக்கு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை வெடித்தபோது உருவான கந்தக அமிலத் திவலைகள், துருவத்துக்கு வெளியேயும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைத்து ஓசோனைப் பாதித்தன. 2019-20 ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை படுகை மண்டலத்தை எட்டியது. அந்தப் புகைத்துகள்களில் ஹைட்ரஜன் குளோரைடு எளிதில் கரைவதால், அவ்வளவு குளிர் இல்லாத இடத்திலும் குளோரின் விடுபட வழி பிறந்தது. 2022 ஜனவரியில் டோங்கா அருகே கடலுக்கடியில் வெடித்த ஹுங்கா எரிமலை, படுகை மண்டலத்தில் ஏற்கெனவே இருந்த நீராவியில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் புதிதாகச் சேர்த்தது. நீராவி கூடினால் மேகம் உருவாகும் வெப்பநிலை வரம்பும் சற்று உயரும்.

பூமி சூடாகிறதே, மேகங்கள் குறைந்துவிடாதா?

கார்பன் டை ஆக்சைடு தரையருகே காற்றைச் சூடாக்குகிறது, படுகை மண்டலத்தைக் குளிர்விக்கிறது. அந்த உயரத்தில் அது வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பும் வாயுவாகச் செயல்படுவதே காரணம். ஆகவே துருவ மேகங்களுக்குச் சூழல் சாதகமாகலாம். குறிப்பாக ஆர்க்டிக்கின் கடுங்குளிர் ஆண்டுகளில் இது கவலைக்குரியது.

ஒரு ஆண்டு துளை சிறிதானால் பிரச்சினை தீர்ந்ததா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. 2002 செப்டம்பரில் அண்டார்க்டிகச் சுழல் திடீரெனச் சூடாகி இரண்டாகப் பிளந்தது. 2019இலும் அதுபோன்ற சூடேற்றத்தால் துளை மிகச் சிறிதாக இருந்தது. இரண்டுமே வானிலையின் விளைவு. குளோரின் அப்படியேதான் இருந்தது. நீண்டகாலப் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது மீளும்?

2022ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு, இப்போதைய கொள்கைகள் தொடர்ந்தால் 1980ஆம் ஆண்டு நிலைக்கு அண்டார்க்டிகா ஏறக்குறைய 2066இலும், ஆர்க்டிக் 2045இலும், உலகின் மற்றப் பகுதிகள் 2040இலும் திரும்பும் என்கிறது. மீட்சி தொடங்கிவிட்டதற்கான அடையாளங்களைச் செப்டம்பர் மாத அளவீடுகளில் சாலமனின் குழு 2016இல் காட்டியது. ஆனால் கண்காணிப்பைத் தளர்த்த முடியாது. 2012க்குப் பிறகு சி.எஃப்.சி.-11 வெளியேற்றம் மறுபடி கூடியதை 2018இல் கண்டுபிடித்தார்கள். அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வந்தது. வெளியே தெரிந்த பிறகே அது குறைந்தது.

பூமியைக் குளிர்விக்கப் படுகை மண்டலத்தில் கந்தகத் துகள்களைத் தூவலாம் என்கிறார்களே?

அந்தத் திட்டத்தைப் பேசுவோர் இந்தப் பக்கத்தில் உள்ள வேதியியலை முதலில் எதிர்கொள்ள வேண்டும். குளோரின் இன்னும் பல பத்தாண்டுகள் அங்கே இருக்கப்போகிறது. குளிரை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, சூரிய ஒளியையும் நிறுத்த முடியாது. வினை நடக்கும் பரப்பை நாமே டன் கணக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது துருவ ஓசோன் மீள்வதைத் தள்ளிப்போடும் என்பதைப் பினடுபோவின் அனுபவமே உணர்த்துகிறது. குளோரின் அளவு 1980 நிலைக்கு இறங்கும்வரை அந்தப் பேச்சை ஒத்திவைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.